புரைதானே, அப்புறம் பார்த்துக்கலாம்

எழுபது வயதைத் தாண்டிய அப்பா திடீரென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். நாற்பதுகளில் வெள்ளெழுத்து வந்த நாளிலிருந்து கண்ணாடி இல்லாமல் ஒரு வரி படித்தவரில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எனக்குக் கண்ணு திரும்பி வந்துடுச்சு, தெரியுமா?" என்று சொல்லிப் பூரித்தார். கேட்டவர்களும் அந்தக் காலத்து உடம்பு என்று மெச்சிவிட்டுப் போனார்கள். டிவியில் கீழே ஓடும் எழுத்து தெரியவில்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கண் மருத்துவர்களுக்கு இந்தக் கதை மிகவும் பழக்கம். வயதாக ஆக, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி இறுகுகிறது. ஒளியை முன்னைவிட அதிகமாக வளைக்கிறது. கண் மெல்லக் கிட்டப்பார்வைப் பக்கம் நகர்கிறது. தூரம் மங்கும், கிட்டத்தில் இருப்பது கண்ணாடி இல்லாமலே தெரியும். கொஞ்ச காலம்தான் இந்தச் சலுகை. லென்ஸ் மேலும் கலங்கியதும் கிட்டமும் போய்விடும். அப்பா கொண்டாடியது கண்புரையின் வருகையை.

பரிசோதனையில் புரை என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அவ்வளவுதானே?" என்பது. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். "புரைதானே, அப்புறம் பார்த்துக்கலாம்." இந்த வாக்கியத்தில் பாதி சரி. கண்ணுக்கு வரும் கோளாறுகளில் ஏறக்குறைய முழுதாகச் சரிசெய்யக்கூடியது புரை. சிக்கல் இருப்பது 'புரைதான்' என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்வதில். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான். அதற்கு முன்னால் புரை என்றால் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் அது எதிர்பார்த்ததைவிடச் சுவாரசியமானது.

கண்ணின் லென்ஸ், கருவிழியில் நிறம் தெரிகிற பகுதிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. குறுக்களவு சுமார் 9 மில்லிமீட்டர், தடிமன் 4 மில்லிமீட்டரை ஒட்டி. அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஒளியை மறைக்கும். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம், பெரும்பாலானவை கிரிஸ்டலின் என்ற வகை. அந்தப் புரதங்கள் நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால்தான் லென்ஸ் தெளிவாக இருக்கிறது. மரத்தின் உள்வளையம்போல, புதிய இழைகள் வெளியே சேரச் சேரப் பழையவை நடுவில் தங்கிவிடும். உதிர்வது, புதுப்பிப்பது எல்லாம் தோலுக்குத்தான். லென்ஸின் மையத்தில் இருக்கும் புரதம் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானது, சாகும்வரை அதேதான்.

கிரீன்லாந்து சுறாக்களின் வயதைக் கண்டுபிடிக்க 2016இல் விஞ்ஞானிகள் இதைத்தான் பயன்படுத்தினார்கள். சுறாவின் லென்ஸ் மையத்தில் இருந்த கார்பனை அளந்து பார்த்து, அவற்றில் மிகப் பெரியது குறைந்தது 270 வருடங்களாவது வாழ்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். உடம்பில் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் கண்ணைக் காட்டலாம்.

இத்தனை வருடம் மாற்றப்படாமல் கிடக்கிற புரதம், வெயிலின் புற ஊதாக் கதிரையும் இரத்தச் சர்க்கரையையும் புகையின் நச்சையும் தாங்கிக்கொண்டு கிடக்கிறது. ஒரு கட்டத்தில் ஒழுங்கு குலைந்து கட்டியாகச் சேர்கிறது. அந்தக் கட்டிகளில் ஒளி சிதறுகிறது. புரை என்பது கண்ணின் மேலே வளர்கிற சவ்வு என்று பலர் நினைக்கிறார்கள்; வெளியே எதுவும் வளர்வதில்லை, உள்ளே இருந்த தெளிவு போகிறது. ஒரு கண்ணிலிருந்து மற்றதுக்குத் தொற்றுவதும் கிடையாது. இரண்டுக்கும் ஒரே வயது, அதனால் இரண்டிலும் வருகிறது. அதிகம் படித்ததால், தையல் வேலை பார்த்ததால் வந்தது என்பதற்கும் அடிப்படை இல்லை.

புரையில் எது எங்கே கலங்குகிறது என்பதைப் பொறுத்து அவதியும் மாறும். அப்பாவுக்கு வந்தது நடுப்பகுதிப் புரை. மெதுவாக மஞ்சளித்துப் பிறகு பழுப்பாகும். ஓரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல உள்நோக்கி வருவது இன்னொரு வகை; இதில் எதிரே வரும் வண்டி விளக்கு சிதறி முகத்தில் அறையும், இரவில் ஓட்டவே பயமாக இருக்கும். மூன்றாவது லென்ஸின் பின்பக்கத்தில் வருவது. ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் எடுத்தவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகம் வரும், மற்றவற்றைவிட வேகமாக முற்றும். சின்னதாக இருக்கும்போதே வெயிலில் பார்வை மிக மோசமாகும், படிப்பதும் கஷ்டம், ஏனென்றால் அந்த நேரங்களில் ஒளி நுழையும் துளையான கண்ணின் பாவை சுருங்கி, ஒளி சரியாகக் கலங்கிய இடத்தின் வழியாகவே போகிறது. இப்படிப்பட்டவர்கள் மங்கலான அறையில் எழுத்துப் பலகையைச் சரியாகப் படித்துவிட்டு வந்து, வெளியே தெரு தெரியவில்லை என்பார்கள். நடிக்கிறார்கள் என்று வீட்டில் திட்டு வாங்குவதும் உண்டு.

நிறம் போவதுதான் யாருக்கும் தெரியாமல் நடப்பது. மஞ்சளித்த லென்ஸ் நீலத்தை வடிகட்டிவிடும். வருடக்கணக்கில் மெதுவாக நடப்பதால் மூளை பழகிக்கொள்கிறது. ஓவியர் குளோட் மொனேவுக்கு 1912இல் இரு கண்ணிலும் புரை என்று சொல்லிவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பயந்து பதினோரு வருடம் தள்ளிப்போட்டார். அந்தக் காலத்தில் அவர் வரைந்தவற்றில் செம்மையும் பழுப்பும் ஏறிக்கொண்டே போகின்றன. சாயக் குழாயின் மேல் எழுதியிருந்த பெயரை நம்பித்தான் நிறம் எடுத்தார். 1923இல் வலது கண்ணில் மட்டும் புரையை எடுத்தபிறகு உலகம் வேறு நிறத்தில் தெரிந்தது, எல்லாம் நீலமாக இருக்கிறது என்று புலம்பினார். அவர் பயந்ததில் தவறில்லை. அன்றைய அறுவை சிகிச்சை அப்படி.

'புரை முத்தட்டும்' என்ற பேச்சு வந்ததும் அந்தக் காலத்திலிருந்துதான். லென்ஸை எடுத்துவிட்டால் அதற்குப் பதில் வைக்க ஒன்றும் இல்லாத நாட்கள். நோயாளி சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டும். அது எல்லாவற்றையும் நாலில் ஒரு பங்கு பெரிதாக்கிக் காட்டும், ஓரத்தில் இருப்பது தெரியாது, ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்திருந்தால் இரண்டு கண்ணும் இரண்டு அளவில் காட்டும். ஓரளவு தெரிகிற மனிதரை இந்தப் பாடு படுத்த எந்த மருத்துவருக்கும் மனம் வராது. அதனால் ஒன்றும் தெரியாத நிலை வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காரணம் போய் எத்தனையோ காலமாகிவிட்டது, பேச்சு மட்டும் நிற்கிறது.

இன்று நிலைமை நேரெதிர். முற்றிய லென்ஸ் கல்லாக இருக்கும். உடைக்க அதிக சக்தி தேவை, கருவிழியின் உட்புறச் செல்கள் அடிபடும், குணமாக நாளாகும். மிகவும் முற்றவிட்டால் லென்ஸ் வீங்கியோ கசிந்தோ கண்ணழுத்தத்தை ஏற்றி, தாங்க முடியாத வலியோடு அவசரமாகப் போய்ச் சேர வேண்டிவரும். அதற்காகப் புரை என்று சொன்ன மறுநாளே மேசையில் படுக்க வேண்டும் என்றும் இல்லை. ஆரம்பத்தில் கண்ணாடியின் பவரை மாற்றினாலே ஒன்றிரண்டு வருடம் ஓடும். எப்போது செய்வது என்பதற்கு நான் கேட்டதிலேயே நல்ல அளவுகோல் இது: செய்ய வேண்டிய, செய்ய ஆசைப்படுகிற எதையாவது பார்வையால் விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டீர்களா? இரவில் வெளியே போவதை நிறுத்தியாயிற்றா, படிக்கட்டில் கைப்பிடியைத் தேடுகிறீர்களா, மருந்துச் சீட்டைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறீர்களா? அப்படியென்றால் நேரம் வந்துவிட்டது. பின்னால் இருக்கும் விழித்திரையைப் பார்த்துச் சிகிச்சை தர புரை தடையாக இருந்தால் மருத்துவரே அவசரப்படுத்துவார்.

சொட்டு மருந்தில் கரையுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: புரையைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்தோ மாத்திரையோ கண் பயிற்சியோ இன்றுவரை கிடையாது. விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் மருத்துவர் அப்பாவிடம், "ஐயா, ஒண்ணுக்குப் போறதுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணைக் காட்ட வந்தா இதையெல்லாம் ஏம்மா கேக்குறாங்க?" என்று என்னிடம் முணுமுணுத்தார். பிராஸ்டேட் வீக்கத்துக்கு வயதான ஆண்கள் பலர் சாப்பிடும் டாம்சுலோசின் மாத்திரை, சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்துவதுபோலவே கண்ணின் பாவையைத் திறந்து வைக்கும் தசையையும் தளர்த்திவிடுகிறது. அறுவை நடக்கும்போது விரிந்திருக்க வேண்டிய பாவை சுருங்கும், பாவையைச் சுற்றியுள்ள நிறத்திரை துவண்டு கருவியோடு வரும். 2005இல்தான் இது மருத்துவ உலகில் தெளிவாகப் பதிவானது. மாத்திரையை நிறுத்தினாலும் அந்த விளைவு சட்டென்று போவதில்லை; முன்பே தெரிந்தால் மருத்துவர் தயாராக இருப்பார், அவ்வளவே. ஆகவே சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு இதையும் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டிய இடம் இது இல்லை.

அடுத்து அளவு எடுப்பது. கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, உள்ளே வைக்கப்போகும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவார்கள். கண்ணின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் முடிவில் இரண்டரை பவருக்கு மேல் பிசகும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவு எடுப்பதற்குப் பல நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வளைவு தவறாக வரும். முன்பு லேசர் செய்து கண்ணாடியைத் தவிர்த்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வழக்கமான கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

பிறகு எந்த லென்ஸ் என்ற கேள்வி. இங்கேதான் குடும்பங்கள் குழம்பிப்போகின்றன. ஒரே தூரத்துக்குத் தெளிவு தரும் லென்ஸ் வைத்தால் தூரம் நன்றாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வளையாததால் சிலிண்டர் பவர் இருப்பவருக்கு அதைத் திருத்துகிற வகை உண்டு. தூரம், நடு, கிட்டம் எல்லாவற்றையும் பங்கிட்டுத் தருகிற மல்டிஃபோகல் லென்ஸும் உண்டு, விலை அதிகம். பங்கிடுவது என்றால் ஒளியைப் பங்கிடுவது. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கிய வெளிச்சத்தில் தெளிவு சற்றுக் குறையலாம். விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ கோளாறு உள்ளவருக்குப் பொதுவாக இது ஏற்றதில்லை. விலை கூடினால் பார்வையும் கூடும் என்று நினைத்து எடுக்கக்கூடாத முடிவு இது. படிக்கக் கண்ணாடி போடுவதில் சங்கடமே இல்லாத மனிதருக்குச் சாதாரண லென்ஸ் மிக நன்றாக உழைக்கும் என்பது என் எண்ணம். அப்பாவுக்கும் அதுதான்.

அறுவை சிகிச்சை பெரும்பாலும் இருபது நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. மரத்துப்போகச் சொட்டு மருந்து அல்லது ஊசி, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு வெட்டு, பெரும்பாலும் தையல் இல்லை. எல்லோரும் 'லேசர் ஆபரேஷன்' என்கிறார்கள். வழக்கமாகச் செய்யும் ஃபேகோ முறையில் லென்ஸை உடைத்து உறிஞ்சுவது ஒலி அலை. நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பல்லைச் சுத்தம் செய்யும் அதிரும் கருவியைப் பார்த்து யோசித்தது அது. 1967இல் முதல் முறையாக மனிதக் கண்ணில் செய்தார்.

உள்ளே வைக்கும் லென்ஸின் கதை இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போரில் விமானியறையின் பிளாஸ்டிக் கூரை உடைந்து, அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின. கண் அவற்றை எதிர்க்காமல் வைத்துக்கொண்டதைக் கவனித்தவர் லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி. அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். சக மருத்துவர்கள் கொதித்தார்கள். கண்ணுக்குள்ளிருந்து அந்நியப் பொருளை எடுப்பதுதான் மருத்துவம், இவர் உள்ளே வைக்கிறாரே என்று. பல பத்தாண்டுகள் ஒதுக்கப்பட்டவருக்கு வயதான காலத்தில் அதே அறுவை சிகிச்சை நடந்தது. 2000இல் சர் பட்டம் கொடுத்தார்கள்.

மேசையில் இருந்த நேரத்தைவிட வீட்டுக்கு வந்தபிறகான நாட்களில்தான் கவனம் அதிகம் தேவைப்பட்டது. சில வாரம் சொட்டு மருந்து, கண்ணைக் கசக்கக்கூடாது, அழுக்குத் தண்ணீர் படக்கூடாது, தூங்கும்போது மூடி. அப்பா இதற்கெல்லாம் ஒத்துழைத்தார். சொட்டு விடும்போது தலையை ஆட்டுவதை மட்டும் விடவில்லை. லேசான உறுத்தல், கண்ணீர் சாதாரணம். வலி நாளுக்கு நாள் கூடினால், கண் சிவந்துகொண்டே போனால், வந்த பார்வை திரும்பக் குறைந்தால், கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல, கருந்திரை விழுவதுபோலத் தெரிந்தால், அன்றைக்கே போக வேண்டும். உள்ளே கிருமி புகுவது மிக அரிது, ஆனால் புகுந்தால் சில மணி நேரத்திலேயே கண்ணைக் கெடுத்துவிடும். விடிந்ததும் போகலாம் என்று ஒத்திப்போடக்கூடாத விஷயம்.

சில மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி மங்கினால் புரை திரும்பிவிட்டது என்பார்கள். எடுத்த லென்ஸ் திரும்ப வளராது. புதிய லென்ஸைத் தாங்கிக்கொண்டிருக்கும் பழைய உறையின் பின்பக்கம் மங்கியிருக்கும். அதற்குத்தான் உண்மையாகவே லேசர்; சில நிமிட வேலை.

பாதுகாப்பது பற்றி நிறையப் பேசுகிறார்கள், அதில் நிற்பது கொஞ்சம்தான். புகைப்பதை விடுவது முதலாவது. புரைக்கும் விழித்திரை மையச் சிதைவுக்கும் புகை பொது எதிரி. இரண்டாவது சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸ் நீர் கோத்துப் பவரே மாறும். அந்த வாரத்தில் அளவெடுத்துச் செய்த கண்ணாடி அடுத்த மாதம் உதவாது. மூன்றாவது வெயில். புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்கும் என்று குறிப்பிட்ட கண்ணாடியும் அகலமான தொப்பியும் போதும். கறுப்பாக மட்டும் இருந்து கதிரைத் தடுக்காத கண்ணாடி பாவையை விரியவைத்துக் கதிரைக் கூடுதலாக உள்ளே விடும். கண் சிவந்தால் கடையில் கேட்டு வாங்கிப் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, உடனே சுகமாக இருக்கும், தொடர்ந்தால் புரையையும் தரும், கண்ணழுத்தத்தையும் ஏற்றும்.

விட்டமின் மாத்திரைகள்? அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2001இல் வந்தது. அதிக அளவு விட்டமின்கள் புரையைத் தடுக்கவில்லை. லூட்டின் என்ற தாவர நிறமியைச் சேர்த்துப் பார்த்த அடுத்த ஆய்வு 2013இல். அதிலும் பொதுவாகப் புரைக்குப் பலன் இல்லை. மையச் சிதைவு நடுத்தர நிலையை எட்டியவர்களுக்கு மட்டும் அந்தக் கலவை உதவுகிறது, அதையும் மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், அந்தப் பணத்தை விழித்திரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். திரையிலிருந்து வரும் ஒளி புரையைத் தரும் என்பதற்குச் சான்று இல்லை.

அந்தப் பரிசோதனை ஏன் என்பதைச் சித்தியின் கதைதான் சொல்லும். அவருக்கும் பார்வை மங்கியது. வயதும் புரைக்கான வயது. "புரைதான், முத்தினதும் எடுத்துக்கலாம்" என்று வீட்டிலேயே முடிவாயிற்று. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர்மேல் இடித்துக்கொள்வார், கதவோரத்தில் தோள் படும். மங்கல் என்றால் அப்படித்தானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். மருத்துவரிடம் போனபோது புரை இருந்தது, உண்மை. அதற்குப் பின்னால் குளுக்கோமாவும் இருந்தது. பார்வை நரம்பு ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் அழிகிற நோய் அது. வலி இல்லை, நடுப்பார்வை கடைசிவரை நிற்கும், அதனால் எழுத்துப் பலகையைப் படித்துவிட முடியும். புரையை நன்றாகவே எடுத்தார்கள். நரம்பு விட்டுவைத்த அளவுக்குத்தான் பார்வை வந்தது. புரை மறைத்தது திரும்பக் கிடைக்கும். நரம்பு இழந்தது கிடைக்காது.

சர்க்கரை விழித்திரையை அரிப்பதும் இப்படித்தான், தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும். மையச் சிதைவில் கதவுச் சட்டம், எழுத்து வரி போன்ற நேர்கோடுகள் வளைந்து தெரியும். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால்தான் பிடிபடும், ஏனென்றால் நல்ல கண் கெட்ட கண்ணுக்காக வேலை பார்த்துவிடும். கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்ப்பதில் இவை எதுவும் சிக்காது. நாற்பதைத் தாண்டியவர்கள் ஒருமுறையாவது, அறுபதுகளிலிருந்து ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, சர்க்கரை இருந்தால் வயது எதுவானாலும் வருடந்தோறும், பாவையை விரித்து உள்ளே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வழக்கமான அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை. அளவு சரியாக இருந்தும் குளுக்கோமா வரலாம் என்பதால் நரம்பையும் நேரில் பார்க்க வேண்டும். பாவையை விரிக்கும் சொட்டு விட்டபிறகு சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

குளுக்கோமா குடும்பத்தில் வருவது. உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு பலமடங்கு அதிகம். அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டோம், இதுவரை ஒன்றுமில்லை. எனக்கு ஆரம்பப் புரை இருக்கிறதாம், அது இருக்கட்டும். சித்தியின் மகளுக்குக் கண்ணழுத்தம் அதிகம் என்று சொட்டு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது, பார்வையில் எந்தக் குறையும் தெரியவில்லை, கண்ணாடிகூட இல்லை. அவள் தம்பி மட்டும் இன்னும் போகவில்லை. கேட்டால், எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்கிறான்.